சாமிக்கு ஆகாத பூ

"தாயே, எனக்குப் பாட்டு நின்னுபோச்சு."

இப்படி வந்து நின்றவர் மருதவாணர். வருஷாவருஷம் கோயில் வசந்த உற்சவத்துக்குப் புதுப்பாட்டுக் கட்டுகிறவர். தலை முழுக்க நரை. கேட்டுக்கொண்டிருந்த காந்திமதியம்மைக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். துறவு பூண்டு கோயில் நந்தவனமே கதி என்று கிடந்தாள். ஊரே அவளிடம்தான் புத்தி கேட்கும்.

"எப்பருந்து ஐயா?"

"என் வடிவு கண்ணை மூடினதிலருந்து. வீட்டுல பேச ஆளில்லை. சுவரைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிடுறேன்."

"ஒரு வரிகூடவா வரலை?"

"வருது. வந்தா அதுல அவ வந்து உட்கார்ந்துக்கிறா. சாமி பாட்டுல பெண்டாட்டிக்கு என்ன வேலை? அந்த வரியை அடிச்சிடுவேன். அப்புறம் ஒண்ணும் வராது. உற்சவம் நெருங்கிடுச்சு தாயே. பாட்டும் இல்லேன்னா நான் இருந்து என்ன?"

மந்திரம் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் ஒரு துணியை நீட்டினாள்.

"மூக்கையும் வாயையும் கட்டிக்குங்க. பூப் பறிக்கணும்."

சாமி பூவின் மேல் மனுஷ மூச்சுப் படக்கூடாது. அங்கே அது வழக்கம்.

இந்த வயசில் இது வேறயா என்று முனகிக்கொண்டே போனார்.

பங்குனி பிறந்திருந்தது. வேம்பு பூத்துக் கொட்டியது. குயில் ஒன்று விடாமல் கூவியது. அவருக்கு எரிச்சலாக வந்தது. ஊரெல்லாம் துளிர்க்கிறது, நமக்கு மட்டும் என்ன கேடு?

ஆனாலும் தினமும் வந்தார். பறித்தார், தண்ணீர் விட்டார், போனார். ராத்திரி கொஞ்சம் தூக்கம் பிடித்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

ஒருநாள் காலை செண்பகம் பூத்திருந்தது. அந்த வருஷத்து முதல் பூ. வடிவு ஆசையாகக் கொண்டையில் செருகிக்கொள்வது அதைத்தான்.

பறித்த கை தானாகத் துணியை இறக்கியது. கண்ணை மூடி, ஆசைதீர முகர்ந்தார்.

அப்புறம்தான் சுரணை வந்தது. ஐயையோ!

பதறியடித்துக்கொண்டு அம்மையிடம் ஓடினார்.

"தாயே, மோசம் பண்ணிட்டேன். சாமி பூவை முகர்ந்துட்டேன்."

"யார் நினைப்புல?"

"வடிவு நினைப்புல."

"இனி இது சாமிக்கு ஆகாது."

"தெரியும் தாயே. குப்பையில போட்டுடுறேன்."

அம்மை குறுக்கே வந்து நின்றாள்.

"ஏன் ஐயா, பூ என்ன பாவம் பண்ணுச்சு?"

மருதவாணர் அவளைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். அடித்துப் போட்ட வரிகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுகையோடு அழுகையாக, "வடிவே..." என்று பாட்டை எடுத்தார்.

அடுத்த அடி தானாக வந்தது.