பாசிப்பயறு மாவு

கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லிவிடலாம் போலத் தோன்றும் கதை இது. அப்படிச் சொன்ன பலர் மறுநாளே மாற்றிக்கொண்டார்கள். ஆகையால் அவசரப்படாமல் கேளுங்கள்.

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் கோகிலவாணி, கணவன் பழனிவேல், ஆறு வயது மகள் மகிழினி. எதிர்வீட்டில் கென்யாவிலிருந்து வந்த எஸ்தரின் குடும்பம். கணவர் வேளாண்மை ஆராய்ச்சிக்கு வந்தவர். அவர்கள் மகள் நீமாவுக்கும் ஆறு வயதுதான். அவள் கொங்குத் தமிழில் "ஏனுங்க" என்று கூப்பிட்டால் காய்கறிக்காரர் ஒரு கைக் கொத்தமல்லி சும்மா கொடுப்பார். இரண்டு பெண்களும் சோறு தின்பதற்கு மட்டும்தான் பிரிவார்கள்.

ஞாயிறுதோறும் மகிழினிக்கு எண்ணெய்க் குளியல். பாசிப்பயறு மாவை அழுத்தித் தேய்த்தபடி, "அசையாம நில்லு கண்ணு, கறுப்பெல்லாம் போயி பளிச்சுனு ஆயிருவ" என்பாள் கோகிலவாணி. மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அவள் அம்மா அவளுக்குச் சொன்னதை அவள் மகளுக்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் மாவு டப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனவள் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே நீமா பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். மகிழினி அந்தக் கையில் மாவைப் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மகிழினியின் கண்ணிலும் தண்ணீர்.

"இன்னுங் கொஞ்சந்தான் நீமா, போயிரும். அப்பறம் ஸ்கூல் டான்ஸ்ல உன்னையும் முன்னாடி நிறுத்துவாங்க."

நீமா நிமிர்ந்து கோகிலவாணியின் கையைப் பார்த்தாள். "ஏனுங்க அத்தை, உங்களுக்கு மட்டும் ஏன் போகல? உங்கம்மா தேய்ச்சு விடலீங்களா?"

முப்பத்தைந்து வருடம் இந்தக் கறுப்புத் தோலோடு வாழ்ந்தவளுக்கு ஒரு நாளும் தோன்றாத கேள்வி, வலி பொறுத்து நிற்கும் இந்தச் சின்னக் குழந்தைக்குத் தோன்றிவிட்டதே என்று கோகிலவாணி மலைத்துப்போனாள்.

அதற்குள் சமையலறையிலிருந்து எஸ்தர் ஓடி வந்தாள். மகளின் கையைப் பார்த்தாள், வாரி எடுத்துக்கொண்டாள். "இனிமே இவங்க சேர்ந்து விளையாட வேண்டாம்" என்று சொல்லி, கோகிலவாணியையும் மகிழினியையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

விஷயம் தெரிந்த பழனிவேல் மகளின் காதைத் திருகினான். "இனி இந்த வீட்டுல கலரப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது." அவளை இழுத்துப்போய் எதிர்வீட்டு வாசலில் நிறுத்தி, கதவு திறக்கும்வரை தட்டி மன்னிப்புக் கேட்கச் சொன்னான். குழந்தை தட்டியது, தேம்பியது. கதவு திறக்கவில்லை.

கோகிலவாணி வந்து மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த வாசல் நடையிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, அம்மா உனக்குப் பொய் சொல்லிட்டேன். கறுப்பு அழுக்கில்ல. தேய்ச்சாப் போகாது, போகவும் வேண்டாம். நீமாவுக்கு வலிச்சது என்னாலதான்."

பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். எதிர்வீட்டுக் கதவை அவள் ஒருமுறைகூடத் தட்டவில்லை.

பழனிவேல் கண்டித்தான், எஸ்தர் கதவைச் சாத்தினாள், கோகிலவாணி தன் பொய்யை ஒப்புக்கொண்டு, எஸ்தரிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் கேட்காமல் போனாள். இதில் யார் செய்தது சரி?

விடை: ஒருவர் அல்ல, எஸ்தரும் கோகிலவாணியும் என இருவர். பழனிவேல் நல்லவன்தான். ஆனால் தோழிக்கு நல்லது செய்வதாக நம்பிய குழந்தையைக் குற்றவாளியாக்கினான்; வாயால் சொல்லவே கூடாத அசிங்கம் நிறம் என்று பழைய பாடத்தையே வேறு விதமாகப் படிப்பித்தான். எஸ்தருக்கு அந்த நேரத்தில் தன் மகளைக் காப்பதே முதல் வேலை. அடுத்த வீட்டுக் குழந்தையைத் திருத்தும் பொறுப்பு அவளுடையதல்ல. அது கோகிலவாணியின் பொறுப்பு. அவள் அதைச் செய்தாள், பதிலுக்கு மன்னிப்பைக்கூட எதிர்பார்க்காமல் செய்தாள். கதவு திறந்ததா என்று கேட்பீர்கள். நான்காம் நாள் திறந்தது. திறக்காமலே போயிருந்தாலும் விடை இதுதான்.