மூன்றாவது பலகை

"டீச்சர், இந்தப் பலகையும் சரியில்லை. நீங்களே ஒண்ணு பார்த்துக் கொடுங்க."

ஆவுடையப்பன் மூச்சிரைக்க வந்து நின்றார். மீசையெல்லாம் பனி.

பரிமளா டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான். ஒற்றைப் பலகையில் இரு காலையும் பூட்டிப் பக்கவாட்டில் நின்று இறங்கும் பனிச்சறுக்கைக் கற்றுத் தருபவர். நாளை தன் மாணவர்களை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறார். இன்று பொழுது சாய்வதற்குள், அடிவாரச் சரிவில் ஒரு தடவையாவது விழாமல் இறங்கியவருக்கே அதில் இடம்.

ஆவுடையப்பன் இன்னும் அப்படி இறங்கவில்லை.

"முதல் பலகைக்கு என்ன குறை?"

"மர ரேகை நடுவுல ஒரு கணு. கணு இருந்தா மரம் வளையாது."

"ரெண்டாவது?"

"ரேகை கோணல். அதான் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு."

"இது?"

ஆவுடையப்பன் பலகையைத் தடவினார். செங்கோட்டையில் மரக்கடை வைத்திருப்பவர். சாயம் பூசாத மரம். ரேகை சீவிவிட்ட கூந்தல் போல நேராக ஓடியது.

"இதுல குறையே இல்லை. ஆனாலும் தள்ளிவிடுது."

பலகைகளை வாடகைக்கு விடும் கடைக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, எல்லா மலைக்கும் ஒத்துப்போற பலகைதான் மூணும். இனி என் கடைக் கதவைத்தான் கழற்றித் தரணும்!"

"கதவு என்ன மரம்?" என்றார் ஆவுடையப்பன்.

டீச்சர் குனிந்து, பலகையில் காலைப் பூட்டும் பிடிகளைப் பார்த்தார்.

"எந்தக் காலை முன்னால வெச்சு இறங்குறீங்க?"

"இதென்ன கேள்வி? வலது கால்தான். புது வீட்டுக்குள்ள எந்தக் காலை வெச்சுப் போவோம்? நான்தான் மூணு பலகையிலும் பிடியை அப்படி மாட்டித் தரச் சொன்னேன்."

"சரி. பலகையைக் கீழே வைங்க. அந்த உச்சியைப் பாருங்க."

பார்த்தார். மேகம் விலகி, உச்சி வெள்ளி மாதிரி மின்னியது.

"தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. அங்கேயிருந்து பார்த்தா நம்ம…"

முதுகில் ஒரு தள்ளு.

ஆவுடையப்பன் ஓர் எட்டு முன்னே பாய்ந்து, தடுமாறி, நின்றார்.

"மரியாதையா ஒரு பலகை கேட்டா, பிடிச்சுத் தள்ளுறீங்களே!"

"விழலையே," என்றார் டீச்சர்.

"எப்படி விழுவேன்? சட்டுனு கால்…"

குனிந்து பார்த்தார்.

முன்னால் நின்றது இடது கால்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காலோ போல.

கடைக்காரர் உள்ளே போய் நாலாவது பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அது வேண்டாம், தம்பி," என்றார் ஆவுடையப்பன். "பிடியைத் திருப்பி மாட்டத் திருப்புளி இருக்கா?"