கடைசியில் வரும் பெட்டி

பனைவிளை ஊராட்சித் தலைவர் மாசானமுத்து நாலு மணி விழாவுக்கு ஆறு மணிக்குத்தான் வருவார். பேசி முடித்ததும் கழுத்தில் போட்ட மாலையோடு கிளம்பிவிடுவார். நூலகத் திறப்பு விழாவுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

போன கரண்ட் அப்போதுதான் திரும்பியிருந்தது. மைக்செட்காரி அந்தோணியம்மாள் மைக் ஒயர்கள் வந்து சேரும் சின்ன மிக்சர் பெட்டியின் சுவிட்சை முதலில் போட்டாள். சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெரிய ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில்தான் போட்டாள். பார்த்த தலைவருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, பெரிய பெட்டி கடைசியிலயா? எங்கயும் பெரிசுக்குத்தான் முதலிடம். இனி அதை முதல்ல போடு. இல்லேன்னா இந்த ஊர்ல உன் மைக்செட்டே வேண்டாம்."

"அதை முதல்ல போட்டா, அடுத்ததைப் போடும்போது ஸ்பீக்கர் டொம்முனு அடிச்சுக் கிழிஞ்சிரும் ஐயா. அணைக்கும்போதும் அதைத்தான் முதல்ல அணைக்கணும்."

"கடைசியில வந்து முதல்ல போறதெல்லாம் ஒரு பெரிசா?" தலைவர் மைக்கைப் பிடுங்கி அவள் வாயருகே நீட்டினார். "ஊருக்கே கேக்கட்டும், சொல்லு!"

அவள் பணிவாகச் சொன்னாள்: "நம்ம ஊர் விழாவில யாரு கடைசியில வந்து முதல்ல கிளம்புறாங்களோ, அவங்கதானே ஐயா பெரியவங்க? ஆம்ப்ளிஃபயருக்கும் அந்த மரியாதையைத்தான் கொடுத்திருக்கேன்."

பந்தலே குலுங்கிச் சிரித்தது.

அன்று தலைவர் நன்றியுரையைக்கூட முழுசாகக் கேட்டார். அந்தோணியம்மாள் ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.