செம்பன் பிடித்து வைத்த இடம்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், ஆற்றுக்கு இந்தக் கரையில், செம்பன் என்ற கீரி தன் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. அதன் மனைவி பெயர் வெள்ளச்சி. மூத்தது மருதி என்ற பெண். அடுத்தது உருண்டை என்ற பையன். கடைக்குட்டி சுண்டு.

செம்பன் நல்ல தகப்பன்தான், குழந்தைகளே. ஆனால் அதற்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் துறைக்கு முதலில் போக வேண்டும். நாவல் மரத்தடிக்கு முதலில் போக வேண்டும். பிந்திப் போனால் தன் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அதற்கு எப்போதும் ஒரு பயம்.

அந்தக் காட்டில் விடுமுறை உண்டு. அடைமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் சில நாட்களில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. நரி முயலைப் பார்த்தாலும், "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டும். அந்த நாட்களில் விலங்குகள் குடும்பம் குடும்பமாக மீன் மண்டபத்தைப் பார்க்கப் போகும்.

மீன் மண்டபம் என்பது ஒரு குகை. உள்ளே கண்ணாடிபோல் தெளிந்த ஆழமான சுனை. குகையின் கூரையில் ஒரு பெரிய துவாரம். உச்சி வேளையில் சூரியன் நேர் மேலே வரும்போது அந்தத் துவாரம் வழியாக ஒளி சுனைக்குள் இறங்கும். உடனே அடி ஆழத்திலிருந்து மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலே வரும். சூரியன் சற்றே சாய்ந்ததும் சுனை மறுபடி இருண்டுபோகும். ஒரு கிழட்டு நீர்நாய் அந்த இடத்தைக் காவல் காத்து வந்தது.

அந்த வருடம் செம்பனுக்கு அங்கே போயே தீர வேண்டும் என்றிருந்தது. காரணம் மருதி. வளர்ந்துவிட்ட கீரி வேறு காட்டுக்குப் போய் வளை தோண்டிப் பிழைக்க வேண்டும். விடுமுறை முடிந்ததும் வெள்ளச்சியின் தங்கை காரி வந்து மருதியை அக்கரைக் காட்டுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அதன் பிறகு எப்போது பார்ப்பது என்று யாருக்கும் தெரியாது.

"மருதி போவதற்கு முன்னால் நாம் எல்லாரும் ஒன்றாக மீன் மண்டபம் பார்க்கிறோம்" என்று செம்பன் அறிவித்தது. வளை வாசலில் ஈர மண்ணைச் சமன்படுத்தி, நகத்தால் வழியைக் கீறத் தொடங்கியது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"விலாங்கு மீன் வருமா அப்பா? பார்க்கப் பாம்பு மாதிரியே இருக்குமாமே! ஒரே ஒரு கடி கடித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டது உருண்டை.

"விடுமுறையில் யாரையும் கடிக்கக் கூடாது."

"தண்ணீர் மேலே தெறிக்குமா? நான் அம்மா முதுகில் உட்கார்ந்துதான் பார்ப்பேன்" என்றது சுண்டு.

வெள்ளச்சி மண்ணில் இருந்த கோட்டைப் பார்த்தது. "ஏன் முள்ளுக்காட்டு வழியாகப் போகிறீர்கள்? ஆற்றோரமாகவே போகலாமே. கொஞ்சம் சுற்றுதான். ஆனால் வழியெல்லாம் நிழல். பிள்ளைகள் ஓய்ந்து போக மாட்டார்கள்."

"ஆற்றோரமாகப் போனால் பிந்திவிடும். அப்புறம் குகையில் இருக்கும் கல் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும். சுனைக்கு நேர் முன்னால் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அதில்தான் நாம் உட்கார வேண்டும்."

"எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் சரி அப்பா" என்றது மருதி. "எல்லாரும் சேர்ந்து போனால் போதும்."

செம்பன் தலை நிமிரவில்லை. "நீ பேசாமல் இரு. நடு இடம் உனக்கு. அப்பா பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தட்டைப் பாறையை மண்ணில் இன்னும் ஆழமாகக் கீறியது.

மறுநாள் பொழுது விடிந்ததும் கிளம்பினார்கள். செம்பன் முன்னால் ஓடியது. மற்றவர்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

முள்ளுக்காட்டில் உருண்டையின் காலில் முள் ஏறிவிட்டது. அதை எடுத்து முடிப்பதற்குள் சுண்டு ஒரு நத்தையைக் கண்டுபிடித்து, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டது.

செம்பன் வானத்தைப் பார்த்தது. பின்னால் ஒரு மிளா மான் குடும்பம் வந்துகொண்டிருந்தது. ஒரு காட்டுக்கோழிக் குடும்பம் அவர்களைத் தாண்டியே போய்விட்டது.

"இப்படிப் போனால் விளங்காது" என்றது செம்பன். "நீங்கள் மெதுவாக வாருங்கள். நான் முன்னால் போய் இடம் பிடிக்கிறேன்."

"இடம் கிடக்கட்டும். கூடவே நடங்களேன்" என்றது வெள்ளச்சி.

"நானும் உங்களோடு வரட்டுமா அப்பா?" என்று கேட்டது மருதி.

"நீ அம்மாவுக்கு ஒத்தாசையாக இரு. அங்கே வந்து பார், எப்பேர்ப்பட்ட இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று!"

அவ்வளவுதான். செம்பன் புதர்களுக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது.

குகைக்கு வந்தபோது தட்டைப் பாறை காலியாக இருந்தது. செம்பனுக்கு ஒரே சந்தோஷம். ஓடிப் போய்த் தேக்கிலைகளைக் கவ்வி வந்தது. வெள்ளச்சிக்கு ஒரு இலை, மருதிக்கு ஒரு இலை, உருண்டைக்கு ஒன்று, சுண்டுவுக்கு ஒன்று என்று பாறைமேல் பரப்பி வைத்தது. பிறகு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் சேர்ந்தது. மிளாக்கள் வந்தன. குரங்குகள் வந்தன. ஒரு முயல் தன் குட்டிகளோடு பாறைப் பக்கம் வந்து, "இங்கே கொஞ்சம் ஒண்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டது.

"ஆள் வருகிறது" என்றது செம்பன்.

ஒரு உடும்பு வந்தது. அதற்கும் "ஆள் வருகிறது" என்றது. ஒரு குட்டிக் குரங்கு இலையின் நுனியைத் தொட்டது. செம்பன் சீறிய சீற்றத்தில் அது தாயின் வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பாறைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அவ்வளவு நெரிசலில் செம்பனைச் சுற்றி மட்டும் வெற்றிடமாக இருந்தது.

இங்கே இப்படி இருக்க, முள்ளுக்காட்டில் என்ன நடந்தது தெரியுமா?

வெள்ளச்சியும் பிள்ளைகளும் பாதி வழிதான் வந்திருந்தார்கள். அப்போது ஆற்றுப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தது சித்தி காரி.

"அக்கா, மலைமேல் பெரிய மழை! ஆறு ஏறிக்கொண்டே வருகிறது. இப்போதே கடந்தால்தான் உண்டு. மருதியை இன்றைக்கே கூட்டிப் போக வேண்டும்" என்றது காரி.

"அப்பா வரட்டும்" என்றது மருதி. "அப்பாவிடம் சொல்லாமல் நான் வர மாட்டேன்."

பக்கத்து மரத்தில் ஒரு மரகதப்புறா உட்கார்ந்திருந்தது. அது பரம சாது. உரக்கப் பேசவே அதற்குத் தெரியாது. ஆனால் பறப்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. வெள்ளச்சி அதைக் கெஞ்சியது. "தாயே, மீன் மண்டபத்தில் என் வீட்டுக்காரர் இருக்கிறார். மருதி இன்றைக்கே ஆற்றைத் தாண்டுகிறாள், உடனே ஆற்றுத் துறைக்கு வரச் சொல்."

புறாவுக்குக் கீரி என்றால் குலை நடுங்கும். இருந்தாலும் விடுமுறைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பறந்தது. குகைக்குள் நுழைந்து செம்பனைக் கண்டுபிடித்து, பாறையின் ஒரு மூலையில் மெல்ல இறங்கியது.

"ஐயா..." என்றது புறா.

"ஆள் வருகிறது" என்றது செம்பன்.

"இல்லை ஐயா, நான் வந்தது..."

"இந்தப் பாறை முழுவதும் ஆள் வருகிறது. வேறு இடம் பார்."

கூட்டத்தின் இரைச்சலில் புறாவின் குரல் அதற்கே கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு மறுபடி வந்தது. "ஐயா, உங்கள் மகள்..." என்று தொடங்கும்போது அதன் கால் ஒரு தேக்கிலையில் பட்டுவிட்டது.

செம்பன் மயிர் சிலிர்க்க எழுந்து பற்களைக் காட்டியது. "அது என் பெண்ணுடைய இடம்! எடு காலை!"

பாவம், புறா என்ன செய்யும்? படபடவென்று சிறகடித்துக் கூரைத் துவாரம் வழியாக வெளியே பறந்துவிட்டது.

அந்தத் துவாரம் வழியாகவே அப்போது ஒளி இறங்கியது. குகை முழுவதும் "ஆ!" என்றது. சுனையின் அடியிலிருந்து மீன்கள் வந்தன. வெள்ளி நிறக் கெண்டைகள், முதுகில் சிவப்புக் கோடு போட்ட குஞ்சு மீன்கள், மீசை வைத்த கெளுத்திகள். எல்லாவற்றுக்கும் கீழே கறுப்பாக நெளிந்து நெளிந்து ஒரு விலாங்கு.

"உருண்டை! அதோ பார் விலா..." என்று செம்பன் திரும்பியது.

பக்கத்தில் தேக்கிலை மட்டும் இருந்தது.

சுற்றிலும் எல்லாரும் யாருக்காவது எதையாவது காட்டிக்கொண்டிருந்தார்கள். முயல் தன் குட்டிகளைத் தூக்கிப் பிடித்திருந்தது. குட்டிக் குரங்கு தாயின் காதைப் பிடித்து இழுத்து, "அம்மா, அம்மா, அது என்னைப் பார்க்கிறது!" என்றது. செம்பன் குகை வாசலைப் பார்த்தது. பிறகு சுனையைப் பார்த்தது. மறுபடி வாசலைப் பார்த்தது. அதற்கு மீன்கள் சரியாகத் தெரியவே இல்லை.

ஒளி போய்விட்டது. சுனை இருண்டது. கூட்டம் பேசிச் சிரித்தபடி வெளியேறியது. அந்தப் பெரிய குகையில் தட்டைப் பாறைமேல் செம்பன் மட்டும் உட்கார்ந்திருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. காற்றில் ஒரு இலை புரண்டது. செம்பன் அதை எடுத்து மறுபடி அதன் இடத்திலேயே வைத்தது.

காவல் காக்கும் நீர்நாய் வந்தது. "இன்னும் யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய்?"

"என் வீட்டில் எல்லாரும் வருகிறார்கள். வழியில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்."

"ஒரு புறா உன்னிடம் வந்ததே, என்ன சொன்னது?"

"அதுவா? இடம் கேட்டு வந்தது. இல்லை என்று விரட்டிவிட்டேன்."

"பறவைக்குத் தரையில் எதற்கப்பா இடம்? கூரை முழுவதும் அதற்குத்தானே?" என்றது நீர்நாய்.

செம்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்கள் மகள்" என்றுதானே புறா சொல்ல வந்தது! பாறையிலிருந்து குதித்து ஓடியது. முள்ளுக்காட்டில் யாரும் இல்லை. ஈர மண்ணில் காலடித் தடங்கள் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தன. முள் கீறியதுகூட அதற்குத் தெரியவில்லை. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

ஆற்றுத் துறையில் வெள்ளச்சி நின்றுகொண்டிருந்தது. உருண்டையும் சுண்டுவும் அதன் காலடியில் சுருண்டு கிடந்தார்கள். ஆறு கலங்கல் நிறத்தில் நுரைத்து ஓடியது. காலையில் துறையாக இருந்த இடத்தில் இப்போது முழு மரங்களே உருண்டு போய்க்கொண்டிருந்தன.

"மருதி எங்கே?" என்று கேட்டது செம்பன்.

"புறாவை அனுப்பினேனே. வரவில்லையா?"

செம்பனால் பொய் சொல்ல முடியவில்லை. "வந்தது" என்றது.

வெள்ளச்சி அக்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தண்ணீர் வயிற்றைத் தொடும் வரைக்கும் இந்தக் கரையிலேயே நின்றாள். காரிதான் இழுத்துக்கொண்டு போனாள்" என்று மட்டும் சொன்னது.

அக்கரையில் புல் மேடு தெரிந்தது. அதன்மேல் இரண்டு சின்ன உருவங்கள் ஏறிக்கொண்டிருந்தன. செம்பன் தண்ணீர் விளிம்புவரை ஓடியது.

"மருதி! மருதி!"

வெள்ளத்தின் சத்தம் அந்தக் குரலை விழுங்கிவிட்டது. ஆனாலும் மேட்டின் உச்சியில் ஒரு உருவம் நின்றது. பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து இந்தப் பக்கம் திரும்பியது. செம்பனும் தன் பின்னங்கால்களை ஊன்றி, எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நின்றது. மருதி தன்னைப் பார்த்ததா, இல்லை வெறும் ஆற்றைத்தான் பார்த்ததா என்று அதற்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த மேட்டில் புல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வெள்ளச்சி சுண்டுவை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தது. உருண்டை நொண்டிக்கொண்டே பின்னால் போனது. செம்பன் இன்னும் நின்றபடியே இருந்தது.

நீதி: யாருக்காக ஓடுகிறோமோ அவர்களையே பின்னால் விட்டுவிட்டு ஓடினால், போய்ச் சேர்ந்த இடத்தில் நாம் மட்டும்தான் இருப்போம்.