முன்பக்கம் பூசிய கண்ணாடி

"கறுக்க மாட்டேங்குது" என்றார் உலகம்மாள்.

கண்ணாடியைக் கழற்றி ரெஜினாவின் மேசைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே அலுப்பு தெரிந்தது.

"வெயில்ல போனா தானா கறுக்கும்னுதான வாங்கினேன். மூணு மாசமாச்சு. வெள்ளையாவே இருக்கு."

ரெஜினா கண்ணாடியை எடுத்துப் பார்க்கவில்லை. "உக்காருங்கக்கா" என்றார்.

உலகம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர். பிரிய வருகிற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்பது அவர் வேலை. பதினான்கு வருடமாகக் கேட்கிறார். கேட்டுக் கேட்டு மனுஷிக்குச் சோறு இறங்காமல் போயிருந்தது.

ரெஜினாவுக்கு முப்பத்தாறு. கோர்ட்டுக்குப் பின்னால் சந்தில் கண்ணாடிக் கடை. ஃபிரேம் உடைந்து வருகிறவர்கள் அது முடிந்தும் எழுந்து போகாமல் மனசில் கிடக்கிற வேறு எதற்காவது வழி கேட்பார்கள். அவரும் ஏதாவது செய்து காட்டுவார். குரு என்று முகத்துக்கு நேரே சொன்னால் மட்டும் கடையை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்.

மூன்று மாதத்துக்கு முன் உலகம்மாள் இங்கே இரண்டு கேட்டிருந்தார். ஒன்று, வெயிலில் கறுக்கும் கண்ணாடி. இன்னொன்று, யார் அழுதாலும் மனசுக்குள் போகாமல் இருக்க ஒரு வழி.

இரண்டாவதற்கு ரெஜினா அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

"நீ சொல்லலைன்னாலும் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன்" என்றார் உலகம்மாள் இப்போது. "அவங்க பேசும்போது தரையில இருக்க டைல்ஸை எண்ணுவேன். நூத்தி நாப்பத்தி ரெண்டு. எண்ணி முடிக்கதுக்குள்ள அழுது முடிச்சிருவாங்க."

"பலிச்சுதா?"

"நல்லாவே. யாரு அழுதாலும் ஒண்ணும் ஆகதில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கீங்களா?"

உலகம்மாள் சன்னல் பக்கம் பார்த்தார்.

"வெயில்ல கண்ணு கூசுது. சாயங்காலமானா தலைவலி."

"வீட்டுல?"

 வெளியே ஒரு ஆட்டோ நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"மக முத்துரேகா வந்து பதினஞ்சு நாளாச்சு" என்றார். "மாப்பிள்ளையோட சண்டை. வந்த அன்னைக்கே, அம்மா ஒண்ணு சொல்லணும்னா. நான் செருப்பைக்கூடக் கழட்டல. என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? 'மனுவா எழுதிக் குடு, பாப்போம்'னேன்."

ரெஜினா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விளையாட்டுக்குச் சொல்லல. நிசமாவே அப்படித்தான் வந்துச்சு. அப்புறம் அவ பேசவே இல்ல. இன்னைக்கு மூணு இருவது பஸ்ல கோவில்பட்டிக்குத் திரும்பிப் போறா. என்ன நடந்ததுன்னு எனக்கு இன்னும் தெரியாது. பெத்த பிள்ளை, ரெஜினா. எனக்கு அழுகைகூட வரல."

கடிகாரத்தில் மணி இரண்டு பத்து.

ரெஜினா கண்ணாடியை எடுத்தார். ஃபிரேமைச் சூட்டில் காட்டி இளக்கி, இரண்டு லென்ஸையும் வெளியே தள்ளினார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்தார். உறையின் மேல் உலகம்மாள் பெயரும் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியும் இருந்தன. உள்ளே இன்னொரு ஜோடி லென்ஸ்.

"இது யாருது?"

"உங்களுதுதான். அன்னைக்கே ரெண்டு ஜோடி வரவழைச்சேன்."

பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாக எடுத்துப்போய், கடைப் படியில் வெயிலில் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அரை நிமிடத்தில் புதிய லென்ஸ் கறுத்தது. பழையது அப்படியே பளபளவென்று கிடந்தது.

"ரெண்டும் ஒரே லென்ஸா?"

"ஒரே லென்ஸ்தான். கதிரைத் தடுக்க மேல பூசுத யூவி பூச்சும் ஒண்ணுதான். பூசின பக்கம் வேற."

உலகம்மாளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு ரெஜினா, பூச்சை உள்பக்கம்தான் பூச வேண்டும் என்று சொல்லியிருந்தார். உலகம்மாள்தான் கேட்கவில்லை. முன்னாடி இருந்து வர்ற அடிக்கு முதுகிலயா கவசம் கட்டுவாங்க, முன்பக்கமே பூசு என்று அடம்பிடித்தார்.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். நீங்க தீர்ப்புக் குடுத்துட்டீங்க."

உலகம்மாளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை.

"முன்னாடி தடுத்துட்டா நல்லதுதான?"

"தடுத்துருச்சு. சூரியன்ல இருக்க அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரு லென்ஸுக்குள்ள போகவே இல்ல. அது போய்த் தொட்டாத்தான் லென்ஸு கறுக்கும். வெயில் அடிக்குதுன்னே இதுக்குத் தெரியாது."

"உள்ள விட்டா கண்ணு கெட்டுராதா?"

"லென்ஸுக்குள்ளதான் விடுதோம். கண்ணு வரைக்கும் போகாது. லென்ஸே பிடிச்சு வச்சுக்கிடும்."

"அப்ப உள்பக்கம் எதுக்குப் பூச்சு?"

"முதுகுப் பக்கம் இருந்து வர்றது லென்ஸோட உள்பக்கத்துல பட்டுக் கண்ணுக்கே திரும்பும். அது அடிச்சா அடிக்கிறதே தெரியாது. அதுக்குத்தான்."

உலகம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வழியில் போன ஒரு வக்கீல் வணக்கம் வைத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. 

ரெஜினா புதிய லென்ஸ்களை ஃபிரேமில் மாட்டி, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உலகம்மாள் போட்டுக்கொண்டார். கண்கூச்சம் அடங்கியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தெருவை முகம் சுளிக்காமல் பார்த்தார்.

அப்படியே கடைக்குள் வந்தார். உள்ளே எல்லாம் இருட்டாக இருந்தது. ரெஜினாவின் முகம் சரியாகத் தெரியவில்லை.

"இன்னும் கறுப்பாவே இருக்கே."

"கறுக்கத்தான் அரை நிமிசம். தெளிய அஞ்சு நிமிசமாகும். பத்தும் ஆகும்."

"அது வரைக்கும்?"

"உக்காந்திருக்கணும்."

"சும்மாவா?"

ரெஜினா அடுத்தவருடைய கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

உலகம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். டைல்ஸை எண்ணப் பார்த்தார். இருட்டில் எண்ண முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேசை தெரிந்தது, பிறகு சுவரில் தொங்கிய ஃபிரேம்கள், பிறகு கடிகாரம். மணி இரண்டே முக்கால்.

எழுந்தார். எதுவும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் கண்ணாடி நன்றாகக் கறுத்திருந்தது. காத்திருப்போர் அறையின் கடைசி பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு முத்துரேகா உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உலகம்மாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோர்ட்டு இல்லையா?" என்றாள் மகள்.

"இருக்கு."

"பின்ன என்ன?"

உலகம்மாள் வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"எதுக்கு வந்த, சொல்லும்மா. அந்தக் கண்ணாடியையாவது கழட்டு. உன் கண்ணே தெரியல."

"பொறுட்டி. தெளியட்டும்."

முத்துரேகா எரிச்சலோடு பையின் வாரை இறுக்கினாள். கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர் பேரைக் கூவினார். ஆட்கள் ஏறினார்கள். அம்மாவும் மகளும் பெஞ்சிலேயே இருந்தார்கள்.

கண்ணாடி மெல்ல வெளுத்தது.

மகள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா அழுத?"

"தெரியலட்டி."

வெளியே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. முத்துரேகா பாதி எழுந்தாள்.

"பஸ்ஸு போகுதும்மா."

உலகம்மாள் மகளின் மடியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போகட்டும். எழுத வேண்டாம். வாயால சொல்லு."