எட்டாவது கோரின் பதில்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. வயதைப் பார்த்தா வித்தை வருகிறது?

குருவின் பெயர் பிலோமினா. மருத்துவமனைக் கட்டில்களின் அருகே இருக்கும் மானிட்டர்களை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலை எழுதித் தரும் சின்னக் கம்பெனி அவருடையது. சீடர் வேதாசலம் இருபத்தைந்து வருடம் வங்கி மென்பொருளில் காலம் தள்ளிவிட்டு, கெர்னல் கற்க வந்து சேர்ந்தவர்.

வேதாசலம் எழுதிய திருத்தம் அன்று மூன்று மணிக்கு வெளியே போக வேண்டும். போனால் நாற்பது வார்டுகளில் ஓடும்.

காலையில் அவர் குருவிடம் வந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். பிராசஸருக்குள்ள எட்டு கோர் இருக்கு, எட்டு பேர் தனித்தனியா வேலை பார்க்கற மாதிரி. மெமரியில எது எங்க இருக்குன்னு பெரிய அட்டவணையை ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்க்காம, ஒவ்வொரு கோரும் தனக்குன்னு ஒரு குட்டிக் குறிப்பு வச்சிருக்கு."

"அது எனக்கும் தெரியும். சந்தேகத்துக்கு வாங்க."

"மெமரியில ஒரு இடத்தை ஒரு நோயாளிகிட்ட இருந்து எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கறோம். பழைய குறிப்பை அழிங்கன்னு எட்டு கோருக்கும் சொல்றோம். ஏழு உடனே பதில் சொல்லிடுது. எட்டாவது எதிலயோ மூழ்கிக் கிடக்கு, லேட்டா சொல்லுது. அந்த ஒண்ணுக்காக இடம் சும்மா கிடக்கணுமா? காத்திருக்கறதை நான் எடுத்துட்டேன். ரெண்டு நாள் டெஸ்ட்ல ஒரு தப்பும் வரலை."

குரு எழுந்தார்.

"உங்க சாமானை எடுத்துக்கிட்டு ஜன்னலோர மேஜைக்குப் போங்க."

"எதுக்கு மேடம்?"

"போங்க."

வேதாசலத்தின் பழைய மேஜையில், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த மும்தாஜை உட்கார வைத்தார். சுவர் போர்டில் பெயர்களை மாற்றி எழுதினார். ஆபீஸில் இருந்த ஏழு பேரிடமும் போய் இடம் மாறியதைச் சொன்னார். பிறகு தன் வேலையைப் பார்த்தார்.

வெளி வேலையாகப் போயிருந்த ஆபீஸ் உதவியாளர் இருதயராஜ் பதினொரு மணிக்குத் திரும்பினார். அவர் போர்டைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கப்புக்கும் போர்டைப் படித்துக்கொண்டிருந்தால் டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். யார் எங்கே என்பது அவர் காலுக்கே தெரியும். வேதாசலம் வாங்கிவரச் சொன்ன ஓர் உறையை அவருடைய பழைய மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

உறையின் மேல் பெயர் இல்லை, ஒரு நம்பர்தான். மும்தாஜ் பிரித்தார். படித்துப் பதறி எழுந்தார்.

"இங்க வேதாசலம்னு யாருங்க? சுகர் முந்நூத்தி நாற்பதாம். உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லி சிவப்புல போட்டிருக்கு."

ஏழு தலைகள் திரும்பின.

"நேத்து ரெண்டு ஜாங்கிரி உள்ள போச்சே சார்," என்றது ஒரு தலை. இன்னொரு தலை அவர் மனைவியின் சித்தி மகள். அது ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனது.

மனைவி பார்த்துவிடக் கூடாது என்றுதான் ரிப்போர்ட்டை ஆபீஸுக்கு வரவழைத்திருந்தார் வேதாசலம். நேராகக் குருவின் முன் வந்து நின்றார்.

"இருதயராஜுக்கு ஏன் சொல்லலை?"

"அவர் வெளிய போயிருந்தார். ஏழு பேருக்குச் சொல்லியாச்சு. எட்டாவது ஆளுக்காக மேஜை சும்மா கிடக்கணுமா?"

"அந்த உறையில என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. உங்க மெஷினுக்கும் தெரியாது."

"என் மானம் போச்சு மேடம்."

"போச்சு. அது என் தப்பு, மன்னிப்பு கேட்டுக்கறேன். வார்டுல தப்பு நடந்தா நீங்க யார்கிட்ட மன்னிப்பு கேட்பீங்க?"

வேதாசலம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

"எட்டாவது கோர் பழைய குறிப்பை வச்சு எழுதினா, அஞ்சாம் கட்டில் நாடித்துடிப்பு ஆறாம் கட்டில் திரையில வரும்."

"வரும்."

"சரி. இனிமே ஒரு இடம் மாறினாலும், எல்லா கோரும் எல்லாக் குறிப்பையும் அழிச்சிடட்டும். வம்பே இல்லை."

"நீங்க ஒருத்தர் இடம் மாறினதுக்கு இருதயராஜ் எல்லா மேஜையையும் மறக்கணுமா? அப்புறம் அவர் சாயங்காலம் வரைக்கும் போர்டு முன்னாடியேதான் நிப்பார். நமக்கு டீயும் கிடையாது. மாறினதை மட்டும் சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

"பதில் வர்ற வரைக்கும் யாரையும் அங்க உட்கார வைக்காதீங்க."

வேதாசலம் எழுந்தார். கதவருகே போனவர் திரும்பினார்.

"வேகம் ஏன் கூடலைன்னு ஆஸ்பத்திரிக்காரங்க கேட்பாங்க மேடம். எதுவரைக்கும்தான் காத்திருப்பீங்கன்னு கேட்பாங்க. என்ன சொல்லட்டும்?"

குரு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழைய முகவரி ஒருத்தர் கையிலயாவது இருக்கற வரைக்கும்னு சொல்லுங்க."