இளவரசர் வாயில் வந்த தீர்ப்பு

முன்னொரு காலத்தில் கூவல்நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டது பாதி, சந்தேகப்பட்டது பாதி. எவனாவது தும்மினால் சைகையோ என்று பார்ப்பான். தும்மாவிட்டால் ஏன் அடக்குகிறான் என்று பார்ப்பான். அரண்மனைச் சோற்றை ஏழு பேர் வரிசையாக ருசிபார்த்த பிறகே பரிமாற வேண்டும். ருசிபார்க்காத பண்டத்தை ராஜ குடும்பத்துக்குக் கொடுத்தால் தலை போகும்.

ஏழு பேரும் தின்று, எவரும் சாகவில்லை என்று உறுதியாவதற்குள் இரண்டரை வயது இளவரசன் உதயனின் பருப்புச் சோறு ஆறிக் கட்டியாகிவிடும். அவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, விழுந்து புரண்டு, அரண்மனையே அதிர வீறிடுவான். செவிலி வேலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. லாயத்தில் குதிரைகளுக்கு அவிக்கும் கொள்ளில் ஒரு பிடியை வெல்லம் போட்டு மசித்து, இலைப் பொட்டலமாக இடுப்பில் செருகிக்கொண்டு, சூட்டோடு திருட்டுத்தனமாக ஊட்டிவந்தாள்.

ஒருநாள் சபை நடுவே ராஜா பிள்ளையை வரவழைத்தான். பிள்ளைக்கோ அகோரப் பசி. சிம்மாசனத்தின் முன்னால் மல்லாந்து விழுந்து காலை உதைத்தான். வேலாத்தாளைச் சுட்டிக்காட்டி, "அப்பா, கொல்லு! கொல்லு!" என்று அலறினான்.

பிரதானி மருதப்பர் துள்ளி எழுந்தார். செவிலி வேலையைத் தம் கொழுந்தியாளுக்கு வாங்கித்தர அவர் அலையாய் அலைந்துகொண்டிருந்தார்.

"மகாராஜா! குழந்தை வாக்கு தெய்வ வாக்கு! இவளிடம் ஏதோ சதியைக் கண்டுதான் கொல்லச் சொல்கிறார்!"

"எனக்கும் இவள் மேல் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்தான்," என்றான் ராஜா. அவனுக்கு யார் மேல்தான் இல்லை!

வேலாத்தாளுக்கு விஷயம் புரிந்தது. பிள்ளைக்கு 'ள' வராது. வெள்ளம் அவனுக்கு வெல்லம், கொள்ளு அவனுக்குக் கொல்லு. அதைச் சொல்லித் தப்பலாமென்றால், ருசிபார்க்காத குதிரைத் தீனியை ஊட்டியதற்கும் இதே தலைதான் போகும். சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு.

"கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றான் ராஜா.

"ஒண்ணுமில்லீங்க சாமி," என்றவள், எல்லோரும் பார்க்கும்படி இடுப்பை முந்தானையால் இழுத்து மூடினாள்.

"என்னத்தை மறைக்கிறாய்? விஷமா?" மருதப்பர் பாய்ந்து பொட்டலத்தைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

அவ்வளவுதான். உதயன் எழுந்து ஓடி மருதப்பரின் காலைக் கட்டிக்கொண்டான். அவரையே அண்ணாந்து பார்த்து, "அப்பா, கொல்லு! கொல்லு!" என்று வீறிட்டான்.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "ஓகோ! சங்கதி இப்படிப் போகிறதா?"

"குழந்தை வாக்கு தெய்வ வாக்குன்னு ஐயாதானுங்களே சொன்னாரு," என்றாள் வேலாத்தாள் பணிவாக.

மருதப்பர் அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்தார். "ஐயையோ மகாராஜா! அது கொல்லு இல்லை, கொள்ளு! குழந்தைக்கு நாக்கு இன்னும் புரளவில்லை! இதோ, வெறும் கொள்ளு! விஷமில்லை, சத்தியமாக நல்ல பண்டம்!" ஒரு வாய் அள்ளிப் போட்டு விழுங்கியும் காட்டினார்.

"ருசியும் பார்த்தாச்சுங்க சாமி," என்றாள் வேலாத்தாள்.

"இத்தனை நாளும் ருசிபார்க்காமல் ஊட்டியிருக்கிறாயே?" என்றான் ராஜா.

"பசிச்ச பிள்ளைக்கு ஊட்டினேனுங்க. அழுத பிள்ளை பால் குடிக்கும்பாங்க. இங்க அழுத பிள்ளைக்கு ஏழு பேரோட எச்சில்தான் மிஞ்சுது."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அதற்குள் பொட்டலத்தைக் கைப்பற்றிய உதயன் அப்பன் மடியில் ஏறி உட்கார்ந்தான். கொஞ்சம் தின்றுவிட்டு, கொஞ்சம் அப்பன் வாயில் திணித்தான். ராஜா ஏழு பேரையும் தேடி இடமும் வலமும் பார்த்தான். பிறகு மென்றான்.

"சூடாக இருக்கிறதே!" என்றான். சூடாகச் சாப்பிட்டு இருபது வருஷமாகியிருந்தது.

அப்போதே வேலாத்தாளுக்குத் தங்கக் காப்பு போட்டான்; இளவரசன் சோறு இனி அடுப்பிலிருந்து நேரே அவள் கைக்கு வரட்டும் என்றான். "மருதப்பரே, கொள்ளுக்கு நீர் நல்ல சாட்சி. நாளை முதல் குதிரைகளுக்கு முன்னால் லாயத்தில் நீர் ருசிபாரும்."

எல்லாம் சொல்லிவிட்டு, மகனிடம் வாயைத் திறந்தான். "இன்னும் ஒரு வாய் குடுடா கண்ணா."

உதயன் மெல்லுவதை நிறுத்தினான். கண்ணை இடுக்கி அப்பனைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.